உள்தையல்

ஐந்து கிலோ என்று போட்டிருந்தது.
இரும்பில் எழுத்து புடைத்திருந்தால் நம்பிவிடுகிறோம்.
திண்டுக்கல் ரோட்டில் ஜோடி எழுநூறுக்குப் பேசி
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் சௌந்தரபாண்டி.
முதல் நாள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி.
மூன்றாம் நாள் முதுகுப் பிடிப்பு.
அப்புறம் ஒரு டம்பெல்
காற்றுக்கு அடிக்கிற கதவுக்கு முட்டு.
இன்னொன்று கட்டிலுக்கடியில்
வெங்காயச் சருகோடு ஒரு வருஷம்.

நான் ரேஷன் கடையில் எடை போடுகிறவள்.
இருநூறு கிராம் சீனிக்காக
என் தாய் தகப்பன் வரைக்கும்
பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ஒருநாள் கடை பூட்டுகிற நேரம்
கட்டிலுக்கடி இரும்பைப் பையிலிருந்து எடுத்து
மின்தராசில் வைத்தேன்.
நாலு கிலோ எழுநூற்று எண்பது.
சிரித்துவிட்டேன்.
யாரிடம் யார் குறைப்பது?

சாவி தொலைந்த பீரோப் பூட்டு ஒன்று வீட்டில் கிடந்தது.
இருநூற்றுப் பத்து கிராம்.
பழைய துணிப்பட்டையால் அதைக் கைப்பிடியோடு சுற்றிக் கட்டினேன்.
மீதிப் பத்தை மன்னித்தாயிற்று.

ஏன் தூக்க ஆரம்பித்தாய் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை,
அதனால் பதிலும் செய்து வைக்கவில்லை.
பன்னிரண்டு வருஷமாக அள்ளுவது வலது கை.
இடது, சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு
சும்மா நிற்கும்,
கல்யாண வீட்டில் தெரியாதவர் போல.
முதலில் அதைத்தான் கூப்பிட்டேன்.

அவருக்கு மாட்டுத்தாவணிப் பார்சல் ஆபீசில் இரவு ஷிப்ட்.
மகிழா தூங்கினதும் மொட்டை மாடி.
முழங்கை விலாவை விட்டு நகரக் கூடாது.
இடுப்பு ஆடினால்
கை பொய்க்கணக்கு எழுதுகிறது என்று அர்த்தம்.
ஏற்ற இரண்டு எண்ணிக்கை, இறக்க நாலு.
ஏற்றுவதை யாரும் ஏற்றிவிடலாம்;
இறக்கும்போதுதான் இரும்பு
தன் நிஜமான எடையைச் சொல்கிறது.
செல்லூர்ப் பாலத்தடியில் ரயில் போகும்போது
ஏழு, எட்டு.
ஒன்பதில் நரம்பு, சுண்டிவிட்ட கொடிக்கயிறு.
பத்து சில நாள் வரும்.
சில நாள் வராது.
காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்தேன்:
பால் அரை. இ 6. வ 10.
பால் அரை. இ 7.
பால் இல்லை. இ 7.

தலைக்குப் பின்னால் தூக்கிப் பழகிய அன்று
பட்டை அவிழ்ந்து பூட்டு விழுந்தது.
கீழ்வீட்டு இருளாண்டி எழுந்து வந்து கத்தினார்:
'அங்கிட்டு என்னத்தப் போட்டு உடைக்கிறீக?'
'குழவி உருண்டுருச்சுண்ணே.'
ராத்திரி பதினொன்றுக்கு, மொட்டை மாடியில், குழவி.
அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

சத்துணவு என்று பெரிதாக எதுவுமில்லை.
இரண்டு முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை.
கடலை குறைவதை மட்டும் கவனித்தார் சௌந்தரபாண்டி.
'எலி இருக்கு போல' என்றார்.
இருக்கலாம் என்றேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
விளக்குத்தூண் பக்கம் பக்கீர் கடை.
பழைய நோட்டில் என் பெயருக்கு நேரே
கை பதினொன்று.
டேப்பைச் சுற்றிப் பார்த்தார். மறுபடி சுற்றினார்.
பன்னிரண்டே கால்.
'உடம்பு போட்டுருச்சாக்கா?'
ஒன்றும் சொல்லவில்லை. முழங்கையை மடக்கினேன்.
டேப் அவர் விரலிலிருந்து
அரை இஞ்ச் பிடுங்கிக்கொண்டது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தெருவில் போகிற கூட்டத்தையும் ஒரு தடவை.
'இது போட்டது இல்லையே' என்றார் மெதுவாக.
பிறகு தொழிலுக்கு வந்துவிட்டார்:
'உள்ளே துணி விட்டுத் தைக்கிறேன்,
பள்ளிக்கூடப் பிள்ளைக்கு விடுற மாதிரி.
பின்னால பிரிச்சுக்கலாம்.
எவ்வளவு விட?'

ஒரு இஞ்ச்.

'ரெண்டு கைக்குமா?'

இடதுக்கு
கொஞ்சம் கூடவே விடுங்க.